மூலம் என்று நினைத்திருந்த 14 மாதம்

2022 நவம்பரில்தான் முதன்முதலாக ரத்தத்தைப் பார்த்தேன். கோத்தகிரியில் அந்த வாரம் முழுக்க விடாத மழை. காலையில் மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது விரலில் பிசுபிசுவென்று ஏதோ பட்டது. பல்பு வெளிச்சத்தில் கையைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு. வலி இல்லை. கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடி வந்தது. அம்மாவிடம் மலம் போகும்போது கொஞ்சம் எரிகிறது என்று மட்டும் சொன்னேன். "சூடு கண்ணு. பாக்டரியில நாளெல்லாம் டீயக் குடிச்சா வேற என்ன ஆகும்?" என்றார். அன்று இரவே துத்தி இலை வதக்கல், மறுநாள் கருணைக்கிழங்குக் குழம்பு. அப்பாவுக்கு மூலம் இருந்தது, எனக்கும் அதுதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நானும் அதை நம்பினேன், நம்பத்தான் ஆசைப்பட்டேன். அது ஆசனவாய்ப் புற்றுநோய் என்று தெரிய 14 மாதம் ஆனது.

என்னைப் பற்றிச் சொல்லாமல் மேலே எழுதினால் இது யாருக்கும் பயன்படாது. வயது 43. ஒரு டீ பாக்டரியில் பச்சை இலை எடைக் கணக்கு எழுதுகிறேன். 2011-ல் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 செல் எண்ணிக்கை 90-க்குக் கீழே போயிருந்தது. அன்றிலிருந்து ஹெச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து பல வருடம் ஆகிறது. நான் ஆண்களோடு உறவு உள்ளவன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது, கூடலூர்ப் பக்கம் இருக்கும் என் துணையைத் தவிர. இந்த இரண்டு விஷயத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு மருத்துவர் முன்னால் சொல்லியிருந்தால், எனக்கு 14 மாதம் வீணாகியிருக்காது. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

முதல் மூன்று மாதம் களிம்பு, இசப்கோல், வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது என்று போனது. 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். அவர் நல்லவர். கையுறையை எடுத்துக்கொண்டே, "படுங்க, ஒரு தடவை பார்த்துடலாம்" என்றார். "வேண்டாம் சார், மூலம்தான், எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் என்னைப் பற்றித் தெரிந்துவிடுமோ என்ற பயம். அவர் வற்புறுத்தவில்லை, மருந்து எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் தூக்கம் வராத இரவுகளில் அந்தக் கையுறைதான் நினைவுக்கு வருகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை அது. விரலால் தொட்டுப் பார்ப்பதால் ஒருவருடைய உறவு வாழ்க்கை எந்த மருத்துவருக்கும் தெரிந்துவிடாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ரத்தம் நிற்கவில்லை. கீழே சமவெளியில் 'மூலம், பவுத்திரம், அறுவை சிகிச்சை இல்லாமல் குணம்' என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போனேன். மூன்று ஊசி போட்டார்கள், 22,000 ரூபாய் வாங்கினார்கள். அம்மாவின் மகளிர் குழுக் கடனில் எடுத்த பணம் அது. ஊசி போட்ட பிறகு பத்து நாள் குப்புறப் படுத்தே கிடந்தேன். அப்புறமும் ரத்தம். ஆகஸ்டில் இன்னோர் இடத்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள், 8,500 ரூபாய். "குடல்ல ஒண்ணும் இல்ல, உள்மூலம் லேசா இருக்கு" என்று ரிப்போர்ட் வந்தது. அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவு நிம்மதி. அந்தக் கேமரா மேலே குடலைப் பார்க்கத்தான் போகிறது. ஆசனவாயின் கடைசி மூன்று நான்கு சென்டிமீட்டரை அது சட்டென்று கடந்துவிடும். என் நோய் அந்த இடத்தில்தான் இருந்தது. கொலோனோஸ்கோபி நார்மல் என்பதால் ஆசனவாயும் நார்மல் என்று அர்த்தம் இல்லை. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

2024 ஜனவரி, உறைபனிக் காலம். மாத்திரை வாங்க ஊட்டிக்குப் போனபோது ஏ.ஆர்.டி. மையத்தில் எடை பார்த்தார்கள். ஆறு கிலோ குறைந்திருந்தது. ஆலோசகர் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நாற்காலியில ஒரு பக்கமாவே சாஞ்சு உட்கார்ந்திருக்கீங்க, ஏன்?" என்றார். 14 மாதத்தில் முதல் தடவையாக உடைந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. அன்றைக்கே சர்ஜரி ஓ.பி.க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்த மருத்துவர் இளம் பெண். இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மார்போடு மடக்கிக்கொள்ளச் சொன்னார். கையுறையில் ஜெல்லி தடவி ஒரு விரலை மெதுவாக விட்டு, கடிகார முள் போலச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "சார், இது மூலம் மாதிரி தெரியல. உள்மூலம் மெத்துனு இருக்கும், விரலுக்குப் பெரும்பாலும் தட்டாது. இது கெட்டியா இருக்கு" என்றார். அந்தப் பரிசோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அதுவரை நான் 41,500 ரூபாய் செலவழித்திருந்தேன்.

சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் ஆசனவாய்ப் புற்றுநோய் உறுதியானது. ஸ்கேனில் கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தது, நெறிக்கட்டுகளுக்குப் பரவவில்லை. தொடக்க நிலை என்றார்கள். எனக்கு வந்த முதல் சந்தேகம், வைரஸ்தான் அடங்கிவிட்டதே, அப்புறம் எப்படி என்பதுதான். கோயம்புத்தூரில் கதிர்வீச்சு மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இதற்குக் காரணம் ஹெச்.ஐ.வி. இல்லை, ஹெச்.பி.வி. என்ற வேறு வைரஸ். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தருவதும் அதுவேதான். ஆசனவாய்ப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இது, அதிலும் 16-ஆம் வகைதான் முக்கியமான எதிரி. உறவில் ஈடுபடும் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது தொற்றுகிறது, உடம்பே அதைத் துடைத்துவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி ஒரு காலத்தில் ரொம்பக் கீழே போனவர்களிடம் அது தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். மாத்திரை ஹெச்.ஐ.வி.யை அடக்கினாலும் இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கும். 2011-ல் இருந்த அந்த 90 என்ற எண்ணை நான் மறந்தேவிட்டேன், உடம்பு மறக்கவில்லை. புற்றுநோய் ஆவதற்கு முன்னால் செல்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நிலை உண்டு, அதற்குப் பல வருடங்கள்கூட ஆகலாம் என்றார். அந்த நிலையில் கண்டுபிடித்திருந்தால் சுட்டு அகற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 28 தடவை கதிர்வீச்சு, முதல் வாரத்தில் ஒரு கீமோ ஊசி, கதிர்வீச்சு நாட்களில் கீமோ மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அந்தச் செலவு என் தலையில் விழவில்லை. ஆண்டு வருமானம் வரம்புக்குள் (2024-ல் 1,20,000 ரூபாய்) இருப்பவர்கள் அந்த அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். நான் தாலுகா ஆபீசில் வருமானச் சான்றுக்காக ரத்தம் வழிய நின்றேன். என் ஸ்கேன் செலவும் அறை வாடகையும் அட்டையில் வரவில்லை. ஸ்கேன், பயாப்சி 16,000, ஆறு வார வாடகை 9,000, சாப்பாடு 7,000, பஸ் ஆட்டோ 4,000. மூன்று மாதச் சம்பளம் போனது 28,500. முன்னால் வீணானதையும் சேர்த்தால் 1,06,000 ரூபாய், என் 11 மாதச் சம்பளத்துக்கும் அதிகம். அம்மாவிடம் வயிற்றுப் புண் ஆபரேஷன் என்று பொய் சொன்னேன். நான்காவது வாரத்தில் தோல் வெந்து உரிந்தபோது, மலம் கழிக்கப் போவதற்கு முன்பே பயத்தில் உடம்பு நடுங்கும். லாட்ஜ் அறையில் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவைகூட யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. துணையிடம் சொன்னதே மூன்றாவது வாரத்தில்தான். தாமதமாகச் சொன்னதற்கு அவன் இன்னும் என்னை முழுதாக மன்னிக்கவில்லை. கட்டி கரைந்ததா என்று உடனே தெரியாது, ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். செப்டம்பரில் இல்லை என்று சொன்னார்கள்.

கதிர்வீச்சு முடிந்த கையோடு நான் செய்த முதல் காரியம், என் துணையைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனது. அவனுக்கு 38 வயது, அவனுக்கும் ஹெச்.ஐ.வி. உண்டு. ரத்தம், வலி, அரிப்பு எதுவும் இல்லை. "எனக்கு என்னடா இருக்கு, நல்லாத்தான இருக்கேன்" என்றான். நன்றாக இருக்கும்போது பார்ப்பதற்குப் பெயர்தான் ஸ்கிரீனிங் என்று நான்கு நாள் வாதாடினேன். முதலில் செல் பரிசோதனை, பெண்களுக்கு எடுக்கும் பாப் பரிசோதனை மாதிரி. நுனியில் இழை சுற்றிய மெல்லிய குச்சியைத் தண்ணீரில் நனைத்து, நான்கைந்து சென்டிமீட்டர் உள்ளே விட்டு, சுழற்றிக்கொண்டே வெளியே எடுத்து, திரவம் உள்ள சின்ன பாட்டிலில் கலக்குகிறார்கள். வலிக்காது, கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே இரண்டு விஷயம் முக்கியம். முந்தைய 24 மணி நேரத்துக்கு எனிமா, உள்ளே வைக்கும் மருந்து, களிம்பு, உறவு எதுவும் கூடாது. குச்சிச் சோதனையை முதலில் எடுத்துவிட்டுத்தான் விரல் பரிசோதனை, ஏனென்றால் ஜெல்லி பட்டால் மாதிரி கெட்டுவிடும். நாங்கள் போன முதல் லேபில் விண்ணப்பத்தில் 'கர்ப்பப்பை வாய்' என்ற கட்டம் மட்டும்தான் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இங்கே எடுப்பதில்லை என்றார். அவன் முகம் சுருங்கிப்போனது, வீட்டுக்குப் போகலாம் என்றான். இரண்டாவது லேபில் முன்கூட்டியே போன் செய்து, ஆசனவாய்ச் செல் மாதிரியைப் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போனோம். 1,400 ரூபாய். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், அந்த ஒரு நிமிட அவமானம் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

ரிப்போர்ட்டில் செல்கள் லேசாக மாறியிருப்பதாக வந்தது. லேசு என்றால் விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் செல் பரிசோதனை காட்டும் அளவும் உள்ளே உண்மையில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சில சமயம் நார்மல் என்று வந்தும் உள்ளே இருக்கும். அதனால்தான் சில மருத்துவர்கள் ஹெச்.பி.வி. வகையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது, ஹை ரெசல்யூஷன் அனோஸ்கோபி. இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு, மலையில் கிடையாது. பெங்களூரில் ஒருவரைப் பிடித்தோம். பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதால் முந்தைய நாள் பகலிலேயே கூடலூரிலிருந்து கிளம்பினோம்.

என்னையும் உள்ளே இருக்க விட்டார்கள். விரல் அளவுள்ள பிளாஸ்டிக் குழாயை விட்டு, வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியை உள்ளே ஓரிரு நிமிடம் வைத்தார்கள். எங்கள் அக்காவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தார்களே, அதே மருந்து. உருப்பெருக்கிக் கருவியும் கர்ப்பப்பை வாயைப் பார்க்கப் பயன்படுத்துவதுதான். துணியை எடுத்ததும் திரையில் இளஞ்சிவப்புத் தோலில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, பாலாடை ஒட்டிக்கொண்ட மாதிரி. அப்புறம் அயோடின் தடவினார்கள். சுற்றிலும் காபி நிறமாக மாறியது, அந்த இடம் மட்டும் நிறம் பிடிக்காமல் மஞ்சளாகவே நின்றது. மரத்துப்போகும் ஊசி போட்டு அதிலிருந்து மிளகு அளவு சதை எடுத்தார்கள். அவன் என் கையைப் பிடித்திருந்தான், அரை மணி நேரம் ஆகியிருக்கும். பத்து நாளில் முடிவு வந்தது, புற்றுநோய்க்கு முந்தைய உயர்நிலை மாற்றம். மறு மாதம் அந்த இடத்தை மின்சாரத்தால் சுட்டு அகற்றினார்கள். பரிசோதனையும் பயாப்சியும் 12,000, சுட்டதற்கு 18,000. மொத்தம் ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. அவ்வளவுதான் அவனுக்கு ஆனது.

சுட்டால் பயன் உண்டா என்பதற்கு 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது, பெயர் ஆங்கர். ஹெச்.ஐ.வி. உள்ள 35 வயதுக்கு மேற்பட்ட, உயர்நிலை மாற்றம் இருந்த 4,400-க்கும் அதிகமானவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 9 பேருக்கும் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்தது, ஆபத்து 57 சதவீதம் குறைவு. 2024-ல் இன்டர்நேஷனல் ஏனல் நியோபிளாசியா சொசைட்டி என்ற சர்வதேச நிபுணர் சங்கம் யார் எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும் 35 வயதிலிருந்து. ஹெச்.ஐ.வி. உள்ள மற்ற எல்லோரும், ஹெச்.ஐ.வி. இல்லாத ஆனால் ஆண்களோடு உறவு உள்ள ஆண்களும் 45 வயதிலிருந்து. பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ வந்த பெண்கள் ஒரு வருடத்துக்குள். சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் பத்து வருடத்துக்குப் பிறகு. கர்ப்பப்பை வாயில் வந்தவர்கள் 45 வயதில் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். இது ஆண்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை, பின்பக்க உறவே இல்லாத பெண்களுக்கும் வருகிறது. கணவர் மூலம் ஹெச்.ஐ.வி. வந்த எத்தனையோ அக்காக்களை நான் ஏ.ஆர்.டி. வரிசையில் பார்க்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

பெங்களூருக்கெல்லாம் எங்களால் போக முடியாது என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். விரல் பரிசோதனையை வருடம் ஒரு முறை கேட்டு வாங்குங்கள். அது செல் மாற்றத்தைக் காட்டாது, ஆனால் என்னுடையது மாதிரிக் கட்டியை இன்னும் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கும். எந்த அரசு மருத்துவமனை சர்ஜரி ஓ.பி.யிலும் செய்வார்கள். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல்தான் நான் தவித்தேன், அதனால் வாசகத்தையே எழுதுகிறேன்: "எனக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, ஆசனவாய்ப் புற்றுநோய் ஆபத்து உள்ளவன், விரல் விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்." ரத்தம், அரிப்பு, கட்டி, உட்காரும்போது வலி எதுவாக இருந்தாலும், யாரும் தொட்டுப் பார்க்காமல் மூலம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஹெச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு மருத்துவமனையில் என் கேஸ் ஷீட்டில் பெரிதாகச் சிவப்பு மையில் எழுதி வைத்தார்கள், அப்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான 2017-ஆம் வருடச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நம் சம்மதம் இல்லாமல் நம் நிலையை வெளியிடவும் கூடாது, அதைக் காட்டிச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. ஹெச்.ஐ.வி. உதவிக்கான 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அக்கா பிள்ளைகள் இருவருக்கும், பெண்ணுக்கும் பையனுக்கும், ஹெச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறேன். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. வந்துவிட்ட நோயை அது போக்காது, அதனால் சின்ன வயதிலேயே போட வேண்டும்.

போன மாதம் மாத்திரை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் உட்காராமலே இருந்தான். பெஞ்சில் இடம் இருந்தது. நான் நகர்ந்து, "உட்காருப்பா" என்றேன். "இல்லண்ணா, மூலம்" என்றான். டாக்டர் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். மாத்திரை வாங்கியதும் இரண்டு பேரும் சர்ஜரி ஓ.பி.க்கு நடந்தோம். அவன் உள்ளே போய் வரும்வரை வெளியே அவன் பையை நான் வைத்திருந்தேன்.